எட்டால் வகுக்க வேண்டும்

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நர்ஸம்மா கட்டிலருகே வந்தபோது, சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆறே நிமிஷம் பொறுங்க. அண்ணன் வீடியோ இறங்கிட்டிருக்கு. அப்பா பாத்துடட்டும்."

"இதப் போட்டா தூங்கிடுவார். அப்புறம் எழுந்திரிப்பார்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வலியப் பாரும்மா."

அப்பா போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் புற்று. டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் அப்பாவோடு பேசி வருஷக்கணக்காகிறது. நாலு கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் கடை நடத்தியவர் அப்பா. ஊரில் அவருக்கு மோடம் என்றே பெயர். ஆளாளுக்குக் கையில் இன்டர்நெட் வந்த பிறகும் கடையை மூட மாட்டேன் என்று நின்றார். ஒருநாள் பெரியவன், வந்திருந்த ஒரே கஸ்டமர் முன்னால், "உங்களையும் உங்க மோடத்தையும் சேத்து எடைக்குப் போடணும்" என்றான். அப்பா அறைந்தார். அவன் போய்விட்டான். வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

காலையில் அப்பா போனிலிருந்தே, "அப்பா உன்னைக் கேக்கறார்" என்று சின்னவள் வாட்ஸப்பில் எழுதினாள். சாகக் கிடக்கிறார் என்று எழுத அவர் விடவில்லை. "பரிதாபப்பட்டு ஒருத்தனும் வர வேணாம்" என்றார். கால் போட்டால் எடுக்காத அந்த மகராசன் மதியம் ஒரு வீடியோ அனுப்பினான். அனுப்பினானே, அதுவே பெரிசு.

பார்த்துப் பார்த்து அந்த நேரத்திலா அப்பா போனில் டேட்டா தீர வேண்டும்? வேகம் அறுபத்துநாலு கேபிபிஎஸ்ஸாகக் குறைக்கப்பட்டது என்று கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி. ரீசார்ஜ் பண்ணலாமென்றால் அந்த வேகத்தில் ரீசார்ஜ் பக்கமே திறக்கவில்லை. முந்தின நாள் காற்றில் தெருக் கேபிள் அறுந்து கிடந்தது. அவள் போனிலும் நர்ஸம்மா போனிலும் சிக்னலே இல்லை.

"ஸ்பீடு எவ்வளவு?" என்று அப்பா கேட்டார்.

"அறுபத்துநாலுப்பா."

"ஃபைலு?"

"இருபத்துநாலு எம்பி. ஆறு நிமிஷத்துல வந்துடும்."

அப்பா அவளையே பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போட்டது.

"சரி. இருக்கேன்."

ஆறு நிமிஷம் போயிற்று. திரையில் ஓடிய வட்டம் கால்வாசிகூட நிறையவில்லை. நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. "அம்பத்தாறுன்னு மோடம் டப்பாவுல போட்டிருப்பான். அது பிட்டுக் கணக்கு. ஃபைலு பைட்டுக் கணக்கு. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. எட்டால வகுங்க, செகண்டுக்கு ஏழு கிலோபைட்தான் வரும்." கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சலிக்காமல் சொன்னது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடையில் உட்கார்ந்தே வளர்ந்தவள் அவள். அறுபத்துநாலை வகுத்தால் எட்டு. பழைய மோடத்தைவிட ஒரு பிடி கூட, அவ்வளவுதான். ஆறு நிமிஷமில்லை, ஐம்பது நிமிஷம்.

"அப்பா, நான் எட்டால வகுக்கலப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா ஊசியப் போடச் சொல்லியிருப்பே."

பாவி, பாவி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். நர்ஸம்மா, "போடட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.  சின்னவள் அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வட்டம் பாதியைத் தாண்டியபோது அப்பா கத்தினார். அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அவள் கேட்டதே இல்லை.

"போடுங்கக்கா."

அப்பா சின்னவளின் கையைத் தட்டிவிட்டார். ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. வட்டம் முக்காலுக்கு வந்தபோது மூச்சும் நின்றது. நர்ஸம்மா நாடி பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தாள்.

வட்டம் நிறையப்போகிற நேரத்தில் போன் அதிர்ந்தது. எழுத்துக்கு என்ன பெரிய கனம்? அந்த வேகத்திலும் உடனே வந்துவிட்டது.

"பாத்தாச்சுன்னு நீலக் கோடு விழுந்து எவ்வளவு நேரமாச்சு. ஒரு வார்த்தை இல்ல. கடையில பேசினதுக்கு அந்த வீடியோவுல அத்தனை தடவை மன்னிப்பு கேட்டிருக்கேனே. இதுக்கும் மேல என்னப்பா பண்றது. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

வீடியோவை இறக்க அவள் திறந்ததுமே அங்கே நீலக் கோடு காட்டியிருக்கிறது. அப்பா பார்த்துவிட்டார், பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறார் என்று இவ்வளவு நேரமும் அவன் நினைத்திருக்கிறான். 

"அப்பா பாக்கவே இல்லண்ணா. போயிட்டார்" என்று எழுதி அனுப்பினாள். மேலே அண்ணன் முகம் இருந்த இடத்தில், நம்பரை பிளாக் பண்ணினால் வருகிற மாதிரி, யாருடையதுமல்லாத சாம்பல் நிறத் தலையும் தோளும் இருந்தன.

வீடியோ முழுசாக இறங்கியிருந்தது. அவள் எழுதியதற்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடு விழுந்தது; அண்ணன் போனுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது விழும். நர்ஸம்மா அப்பாவின் கண்களை மூடிவிட்டு, "அண்ணனுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டாள். சின்னவள் இரண்டாவது கோட்டுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.