முன்சக்கர டிஸ்க்குகளின் மூன்று கோரிக்கைகள்

மேல்பாறையில் ஒரு காரின் பிரேக் டிஸ்க் வளைந்துபோனால் அதைத் தொழில் தகராறாகப் பதிவு செய்ய வேண்டும். மெக்கானிக் கை வைப்பதற்கு முன்னால் சமரச அதிகாரியின் அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். என் காரின் முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டும் சென்ற திங்கட்கிழமை காலையில் வளைந்தன. ஒன்பது மணிக்குள் பதிவாகிவிட்டது. தகராறு எண் முப்பத்தொன்று.

அவை சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தத்தில் இறங்கவில்லை. பதினான்கு நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தன. முதலில் ஸ்டீயரிங் ஆடியது. பிறகு பிரேக்கை மிதித்தால் அது என் காலைத் திருப்பித் தட்டியது. எத்தனை முறை தட்டுகிறது, எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று குறித்துக்கொண்டு சட்டப் புத்தகத்தின் பின்னிணைப்பைப் பார்த்தால் நோட்டீஸின் வாசகம் கிடைக்கும். நான் பார்க்கவில்லை. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வருடமாகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராக இருக்கிறேன். எத்தனையோ துரைமார்கள் என் நோட்டீஸைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. போடுகிறவருக்கு அது கூடை என்றே தோன்றுவதில்லை.

மெக்கானிக் தாவூத் சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க்கைச் சுற்றிவிட்டு, அளவுமானியின் முள்ளைப் பார்த்தார். முள் ஒரு தலைமுடி அளவுக்கு ஏறி இறங்கியது.

"ரெண்டும் உறுதியா நிக்குதுங்க தோழர்" என்றார்.

"காரணம் என்ன சொல்லுதுங்க?"

"நீங்க பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே மலை இறங்குறீங்களாம். இருபத்தேழு வளைவும். அடிவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள இதுங்க தோசைக்கல்லு மாதிரி ஆயிடுதாம்."

"நிறுத்துறதுதானய்யா பிரேக்கோட வேலை?"

"நிறுத்துறது வேற தோழர். நிறுத்திக்கிட்டே இருக்கறது வேற."

எனக்கு அந்த வித்தியாசம் பழக்கமில்லை. நிறுத்துவது ஒன்றுதான் நான் கற்ற தொழில். தேயிலை ஆலையை நிறுத்தியிருக்கிறேன். கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவை அமைச்சரின் காரை அரை நாள் நிறுத்தியிருக்கிறேன். பதினோரு வேலைநிறுத்தங்கள் நடத்தினேன். ஒன்றில்கூட முழு வெற்றி இல்லை. கடைசி வேலைநிறுத்தத்தில் மழைக்குக் குடை கேட்டோம். குடைக்கம்பி கொடுத்தார்கள். துணி அடுத்த பேச்சுவார்த்தையில் என்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் மழையில் நிற்கிறோம்.

தாவூத் கோரிக்கைப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தார். மூன்று கோரிக்கைகள். ஒன்று, மலை இறங்கும்போது செகண்ட் கியரில் இறங்க வேண்டும், வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். இரண்டு, அடிவாரத்தில் சூடு ஆறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றக்கூடாது. இது எங்கள் மலையின் வழக்கம். கடைசி வளைவு தாண்டியதும் முனியப்பன் கோயில் இருக்கிறது. பத்திரமாக இறங்கி வந்ததற்காக எல்லா வண்டிக்காரர்களும் ஓடையில் ஒரு வாளி மொண்டு நாலு சக்கரத்திலும் ஊற்றுவார்கள். சொய் என்று ஆவி கிளம்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். எனக்குச் சாமி கிடையாது. ஆனாலும் ஊற்றுவேன். ஆவி கிளம்பாவிட்டால் மற்றவர்கள் முகம் மாறுகிறது. காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் டிஸ்க் என்ன பாடு படும் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு டீ குடிக்கும் நேரமாவது ஓய்வு வேண்டும் என்று டிஸ்க்குகள் கேட்டிருந்தன.

மூன்றாவது, லேத்தில் கொடுத்துச் சீவக்கூடாது. சீவினால் மேடு போய்ச் சமமாகிவிடும். டிஸ்க்கின் கனமும் குறைந்துவிடும். அதைக் கூலி வெட்டு என்று பட்டியலில் அவை எழுதியிருந்தன. சரியான சொல். நானாக இருந்தாலும் அதையே போட்டிருப்பேன்.

பதினோரு மணிக்குக் கார் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் ஆவுடையப்பன் தாவூத்தின் கடைக்கு வந்தார். மேல்பாறையில் பெரிய லாட்ஜ் அவருடையது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். லாட்ஜுக்கு ஆறு வேன்கள் ஓடுகின்றன. கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார். பின்னால் உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோகிராபர் நின்றார்.

"என்ன வே மாடக்கண்ணு, சௌக்கியமா? மொதலாளி ஆயிட்டீராமே!"

"பழைய கார் ஒன்னு வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் வே மொதலாளிங்கறது. நாங்க என்ன வானத்துலேர்ந்தா குதிச்சோம்? மொதல்ல ஒன்னு வச்சிருந்தோம்."

பெட்டியைத் திறந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு புது டிஸ்க்குகள். அவை யார் முகத்தையும் பார்க்கவில்லை. கருங்காலிகள் வேலைக்கு வரும் முதல் நாள் அப்படித்தான் இருப்பார்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் உடன்பாடு வராவிட்டால் புது டிஸ்க் மாட்டப்படும். பழையவை சமவெளியில் இருக்கும் இரும்பு உலைக்குப் போகும். ஏழு வருடம் என்னைச் சுமந்து நிறுத்தியவை. போராட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் அவற்றோடுதான் போனேன். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அவற்றை நான் உலைக்கு அனுப்புவதை ஆவுடையப்பன் போட்டோ எடுத்து மலை முழுவதும் ஒட்டுவார். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்தில் நான் வாய் திறக்க முடியும்?

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்" என்று ஆவுடையப்பன் ஒரு படிவத்தை நீட்டினார். உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர் சமரச அலுவலகத்தில் உரிமையாளர் நாற்காலியில் உட்கார முடியாது. போட்டேன். அவர் உறுப்பினர் அட்டையை என் சட்டைப்பையில் செருகினார்.

"இனிமே நீரு எங்க ஆளு. சங்கத் தீர்மானம் ஒன்னே ஒன்னுதான். செகண்ட் கியர் கெடையாது. என் வேனு ஒரு நாளைக்கு நாலு நடை போவுது. செகண்ட் கியர்ல எறங்குனா மூணுதான். தீர்மானத்தை மீறி நீரு போடுற கையெழுத்து செல்லாது, பாத்துக்கிடும்."

மூன்று மணிக்குப் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. சமரச அதிகாரி வேதவல்லி அம்மாள் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். டிஸ்க்குகளை ஒரு துண்டு விரித்து மேசையின் நடுவில் வைத்திருந்தார்கள். அவை எங்கள் சங்கத்தின் இரும்புக் கிளையில் உறுப்பினர்கள். அவற்றுக்காகப் பேசும் உரிமை பொதுச்செயலாளருக்கு மட்டுமே உண்டு. எனவே இரண்டு பக்கமும் நானே பேச வேண்டியிருந்தது.

"நாற்காலி மாறாமல் பேசக்கூடாது. குறிப்பில் குழப்பம் வரும்" என்றார் வேதவல்லி அம்மாள்.

தொழிலாளர் பக்கத்து நாற்காலியை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் ஒரு கால் கட்டை. முப்பத்தெட்டு வருடம் அதில் இடுப்பைக் கொடுத்துச் சமன் செய்திருக்கிறேன். அதில் உட்கார்ந்து மூன்று கோரிக்கைகளையும் படித்தேன். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிப் போய் உரிமையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் மெத்தை இருந்தது. கைப்பிடி இருந்தது. உட்கார்ந்த மாத்திரத்தில் என் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

"உரிமையாளர் அவர்களே, உங்கள் பதில்?"

"என் வண்டியை நான் எப்படி ஓட்ட வேண்டும் என்று இரும்பு எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். ஒரு தோட்டத்து மேனேஜர் என்னிடம் சொன்ன வாக்கியம் அது. முப்பது வருடமாக என்னிடம் பத்திரமாக இருந்தது.

கட்டை நாற்காலிக்குப் போனேன். "அந்த இரும்பு இல்லாவிட்டால் நீங்கள் முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடப்பீர்கள்" என்றேன்.

"அடி சக்கை!" என்றார் வாசலில் நின்ற தாவூத்.

மெத்தைக்குப் போனேன். "மிரட்டுகிறீர்களா?"

"கணக்குச் சொல்கிறேன்" என்றேன், திரும்பி வந்து. இந்தப் பதிலுக்காக ஒரு முறை மேசையைச் சுற்ற வேண்டியிருந்தது. கிடைத்த இடைவெளியில் உரிமையாளர் கொஞ்சம் பயந்துவிட்டதை நான் உள்ளுக்குள் உணர்ந்தேன். இத்தனை வருடத்தில் எதிர்த்தரப்பு பயப்படுவதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்குள் மூன்றாவது கோரிக்கையும் இரண்டாவதும் ஏற்கப்பட்டன. லேத் கிடையாது. அடிவாரத்தில் ஒரு டீ. முதல் கோரிக்கையில் நின்றுவிட்டது. நான் மெத்தையில் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஆவுடையப்பன், "தீர்மானம் வே, தீர்மானம்" என்றார். நாலரை ஆனது. போட்டோகிராபர் காமிராவைத் துடைத்தார். அட்டைப்பெட்டியை யாரோ மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். டிஸ்க்குகளில் இடதுபக்கத்தது லேசாக ஒலித்தது. நான் அதன்மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

வேதவல்லி அம்மாள் பத்து நிமிடம் ஒத்திவைத்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைதான். மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். துண்டறிக்கையில் படித்தவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் முன்னும் பின்னும் கடைசி வரி வரை, அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பான். சட்டைப்பையிலிருந்த உறுப்பினர் அட்டையை எடுத்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்வது போல விதிகள். பதினேழாவது விதி: "பேச்சுவார்த்தை மேசையில் சங்கத்தின் சார்பில் அமர்ந்திருக்கும் உறுப்பினரின் கையெழுத்தே சங்கத்தின் இறுதித் தீர்மானம். முந்தைய தீர்மானங்கள் யாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. எல்லா உறுப்பினர்களையும் அது கட்டுப்படுத்தும்."

ஆவுடையப்பன் எழுதிய விதி. கூட்டம் கூட்டாமல் தனியாகவே கையெழுத்துப் போட்டுக்கொள்ள வசதியாக எழுதியிருந்தார். பத்து வருடமாக அந்த மெத்தையில் அவரே உட்கார்ந்தார். இன்றைக்கு மட்டும் போட்டோவுக்காக எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

நான் மெத்தையில் போய் உட்கார்ந்தேன்.

"முதல் கோரிக்கையும் ஏற்கப்படுகிறது. மலையில் ஓடும் எல்லா உறுப்பினர் வண்டிகளுக்கும்" என்றேன்.

"செல்லாது வே! தீர்மானம் இருக்கு!"

அட்டையை வேதவல்லி அம்மாளிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"யார் எழுதின விதி இது?"

ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தார். "தமிழ் நல்லா இருக்கேன்னுதான் போட்டேன்" என்றார்.

"தெளிவாக இருக்கிறது" என்றார் வேதவல்லி அம்மாள்.

உரிமையாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுந்து மேசையைச் சுற்றிப் போய்த் தொழிலாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு சம்பிரதாயப்படி இரு தரப்பும் கை குலுக்க வேண்டும். என் வலது கையால் இடது கையைப் பிடித்துக் குலுக்கினேன். இடது கை கொஞ்சம் விறைப்பாக இருந்தது. தோற்றவர்களின் கை அப்படித்தான் இருக்கும். போட்டோகிராபர் அதையும் எடுத்துக்கொண்டார். முத்திரை விழுந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு.

மேசையில் டிஸ்க்குகள் நிமிர்ந்தன. எவர்சில்வர் தட்டைக் கல்தரையில் வைத்தது போல இரண்டு முறை சத்தம் கேட்டது. தாவூத் அளவுமானியை வைத்தார். முள் அசையவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க தோழர்" என்றார்.

"தோத்தும் இருக்கேன்" என்றேன். "சரியான அடி. எந்திரிக்கவே முடியாது."

புது டிஸ்க்குகளை அப்படியே விட மனம் வரவில்லை. அவற்றை ஏமாற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டையும் இரும்புக் கிளையில் உறுப்பினராகச் சேர்த்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். பழைய டிஸ்க்குகளுக்கு மாலை போட்டோம். தாவூத் மாலையைக் கழற்றிவிட்டு அவற்றைச் சக்கரத்தில் மாட்டினார்.

ஐந்தரைக்கு மலை இறங்கினேன். வெயில் இன்னும் இருந்தது. செகண்ட் கியர். பிரேக்கிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தேன். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பின்னால் நாற்பத்தொரு கார்கள். அதற்குப் பின்னால் ஆவுடையப்பனின் ஆறு வேன்கள். எல்லாம் செகண்ட் கியரில் முனகிக்கொண்டு வந்தன. கொழுந்து எடை போட்டுவிட்டு ரோட்டோரம் வந்த பெண்கள் குடைக்கம்பிகளை உயர்த்திக் காட்டினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு முறை பிரேக்கைத் தொட்டேன். மிதி என் காலைத் தட்டவில்லை. குளத்து நீரில் கால் வைத்தது போல் இருந்தது. அமைச்சரின் காரை நிறுத்திய அன்றுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை.

முனியப்பன் கோயிலருகே நாற்பத்தெட்டு வண்டிகளும் நின்றன. யாரும் வாளியைத் தொடவில்லை. எல்லோரும் டீ வாங்கிக்கொண்டு சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்று குடித்தார்கள். ஆவுடையப்பனும் ஒரு டம்ளரோடு வந்தார்.

"ஆவி வராட்டா சாமி கோவிச்சுக்கிடாதா வே?" என்று கேட்டார்.

"டீயில வருது பாரும்" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டார். டீ முடிந்து தண்ணீர் ஊற்றினோம். சத்தமே இல்லாமல் வழிந்து போனது. பக்கத்து வண்டிகளின் டிஸ்க்குகளில் அன்றைக்கே நூற்றுப் பத்துப் பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

திரும்பக் கிளம்பும்போது டீக்கடைப் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து பத்தொன்பதாம் கொண்டை ஊசி வளைவு எழுந்து வந்தது. ஷிஃப்ட் முடிந்து இறங்கி வந்திருந்தது. உடன்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், இருபத்தேழு பேர் சார்பில் என்னோடு பேச வேண்டும் என்றும் சொன்னது. சங்க ஆபீசில் வைத்துப் பேசலாம் என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். கஷ்டப்பட்டு ஏறிக்கொண்டது. கொண்டை ஊசி வளைவு என்பதால் இரண்டு முனையும் ஒரே பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே நீட்டும் சரக்குக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது போக்குவரத்து விதி. எங்களிடம் சிவப்புத் துணிக்குக் குறைவில்லை.