மஞ்சளுக்கு அடியில் இருந்த சிப்பி

அப்பாவின் இடுப்பில் கட்டியிருந்த கல்லைத்தான் அம்மா வயல் வரப்பில் நட்டுக் கும்பிடுகிறாள். எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் களிமண் வரும், மணல் வரும், கல் வராது. இருந்தும் 1971-இல் என் அப்பா வீரையனின் உடலை ஆற்றிலிருந்து தூக்கியபோது, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பண்ணையாரை எதிர்த்த கூலிச் சங்கத்துக்காரர், மனசு உடைந்து தானே கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தார் என்று எழுதிப் போலீஸ்காரர்கள் கேஸை மூடினார்கள்.

ஒவ்வொரு நினைவு நாளிலும் கல்லுக்கு மஞ்சள் பூசுவது செல்லதுரை மாமா. அம்மாவின் தம்பி. அப்பாவுக்குப் பிறகு என்னைப் படிக்க வைத்தவர். பதினோராவது வருஷம், நான் கல்லூரியிலிருந்து முந்தின நாளே வந்திருந்தேன். காலையில் மாமா வருவதற்கு முன்பே அம்மாவோடு வரப்புக்குப் போனேன்.

"பழசைச் சுரண்டிட்டுப் புதுசா பூசலாம்மா."

"சாமிய யாராச்சும் சுரண்டுவாங்களா? காலேஜ்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்றாள் அம்மா. ஆனால் தடுக்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் அடை போலத் தடித்திருந்தது. அரிவாள் நுனியால் நெம்பினேன். ஏடு ஏடாக உதிர்ந்தது.

கல்லோடு கல்லாக இறுகிப்போன, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட சிப்பி. மேலே இரட்டை இரட்டையாக வரிகள். போன வாரம்தான் பேராசிரியர் எங்களை அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போய் இதைக் காட்டினார். அங்கெல்லாம் கடலாக இருந்தபோது கொஞ்ச காலமே வாழ்ந்து அழிந்த உயிர். அதனால் அது கிடக்கும் பாறை அடுக்கின் வயதை அதை வைத்தே சொல்லிவிடலாம். அந்த அடுக்கு ஒரு முழக் கனம்தான். சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரே ஒரு பள்ளத்தில்தான் வெளியே தெரிகிறது.

பள்ளத்துக் காவல்காரர் என் ஊரைக் கேட்டுச் சிரித்திருந்தார். "காளவாய் செல்லதுரை ஊரா? அங்கேருந்து இங்க கல்லு ஏத்த வந்த வண்டி அவரு வண்டி ஒண்ணுதான்." மாமா அந்நாளில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் பண்ணையாரின் காளவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் பாறைகளைப் பற்றிப் படிக்கும் நிலவியல் எடுத்தபோது, டீச்சருக்குப் படியேன் என்று மாமா மூன்று நாள் கெஞ்சியது இப்போது நினைவுக்கு வந்தது. வேண்டாம், அப்படி இருக்காது என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மாமா மஞ்சள் கிண்ணத்தோடு வரப்பில் வந்தார். "என்னா தாயி, சாமிக்கு முகச்சவரமா?"

"இந்தச் சிப்பி நீங்க கல்லு ஏத்துன பள்ளத்துல மட்டும்தான் இருக்கு மாமா."

"கல்லுன்னா எல்லாம் ஒண்ணுதான்," என்றார். அவர் கண்கள் எங்கோ நாற்றங்காலில் இருந்தன. விரல்கள் மட்டும் மஞ்சளை அள்ளி, தடவித் தேடாமல், நேராகச் சிப்பியின் மேல் போய் அப்பின.

அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். "செல்லதுரை. அவ என்ன சொல்றா?"

மாமா அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். "பண்ணையாரு ஆளுங்க என் வண்டியில கெடந்த கல்லத்தான் கேட்டாங்கக்கா. அப்பவே அவருக்கு உசிரு இல்ல."

அம்மா அழவில்லை. கிண்ணத்தை வாங்கி வாய்க்காலில் கவிழ்த்தாள். பிறகு கல்லைக் கட்டிப்பிடித்து அசைத்தாள்.

"அந்தப் பக்கம் புடி வேம்பு. ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போவணும்."