வெட்டு சம்பந்தி, கொட்டு சம்பந்தி

நகர மன்றத்தில் அவளுக்கு எழுதுகிற வேலை. யார் என்ன பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் சுருக்கெழுத்தில் பிடித்து, சாயங்காலம் தட்டச்சு செய்து, மறுநாள் காலை முப்பத்திரண்டு உறுப்பினர்களின் மேசையிலும் ஆளுக்கொரு பிரதி வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. எல்லோரும் அவளை எழுத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பேச்சின் பொருள் என்ன என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தால் கை நின்றுவிடும். காதில் விழுவது நேராகக் கைக்குப் போகும். தலைக்கு அதில் வேலையில்லை. கொடியில் துணி காய்ந்திருக்குமா, பால்காரன் பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுப் போயிருப்பானா என்று தலை தன் பாட்டுக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அவள் மேசையில் ஒரு சின்னப் பலகை இருந்தது. எந்த இருக்கையில் மைக் போடுகிறார்களோ அந்த எண்ணில் விளக்கு எரியும். பதினான்கு எரிந்தால் வெட்டுக்காரர். பதினேழு எரிந்தால் கொட்டுக்காரர்.

இந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே பொருளாதார வாத்தியார்கள். ஒரே கல்லூரியில், ஒரே அறையில், ஒரே மேசை விசிறிக்கு முன்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்கள். வரியைக் குறை, செலவை வெட்டு, ஊர் தானாக முன்னேறும் என்பார் ஒருவர், அவர் வெட்டுக்காரர். வரியை வாங்கு, காசைக் கொட்டு, ஊரை நாம்தான் முன்னேற்ற வேண்டும் என்பார் மற்றவர், அவர் கொட்டுக்காரர். விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதிலேயே அவர்கள் கொள்கைச் சண்டை போட்டதாகக் கல்லூரியில் சொல்வார்கள். போதாக்குறைக்கு வெட்டுக்காரர் மகளும் கொட்டுக்காரர் மகனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு அவர்களைச் சம்பந்திகளாகவும் ஆக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் இருவரும் மன்றத்துக்கு வந்தார்கள். பதினைந்து உறுப்பினர்கள் இவர் பின்னால், பதினைந்து உறுப்பினர்கள் அவர் பின்னால். அதனால் ஒன்பது வருஷமாக எந்த பட்ஜெட்டும் நிறைவேறவில்லை. குறித்த நாள் பகல் ஒரு மணிக்குள் முடிவாகாவிட்டால் போன வருஷத்து பட்ஜெட்டே தொடரும் என்பது விதி. ஊர்க் கால்வாயின் மேல் பாதிப் பாலம் ஒன்பது வருஷமாகப் பாதியாகவே நின்றது.

இந்த வருஷம் வெட்டுக்காரர் கொண்டுவந்த தீர்மானம், வீட்டு வரியைப் பாதியாகக் குறைப்பது. கொட்டுக்காரர் அதை எதிர்த்தார். வரியை அப்படியே வாங்கி, மீதிப் பாலத்தைக் கட்ட வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை விவாதம் ஆரம்பித்தபோது பதினான்காம் நாற்காலியின் ஒரு கால் கழன்றுவிட்டது. வெட்டுக்காரர் கனத்த உடம்புக்காரர். எழுந்து நின்றார். கொட்டுக்காரர் பாய்ந்து வந்தார்.

"நீங்க என் இடத்துல உக்காருங்க சம்பந்தி. இந்த நாற்காலியில நான்தான் உக்காருவேன். செலவு பண்ணாத ஊரு எப்படி உக்காரும்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவர் ஒல்லி. மூன்று கால் நாற்காலியில் கொக்கு மாதிரி உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினார். வெட்டுக்காரர் பதினேழில் சாய்ந்து உட்கார்ந்து ஐம்பது நிமிஷம் பேசினார். எழுத்தம்மாவுக்கு அன்று கடும் சளி. இரண்டு காதும் அடைத்து, எல்லார் குரலும் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒன்றாகவே கேட்டது. பலகையில் பதினான்கு எரிந்தது, வெட்டுக்காரர் பெயரில் எழுதினாள். பதினேழு எரிந்தது, கொட்டுக்காரர் பெயரில் எழுதினாள். சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டச்சு செய்து முடித்து, ஆவி பிடித்துவிட்டுப் படுத்தாள்.

புதன்கிழமை காலை காது திறந்துவிட்டது. பதினான்கில் புது நாற்காலி போட்டிருந்தார்கள். அவரவர் இடத்தில் அவரவர். வெட்டுக்காரர் எழுந்து, வழக்கம் போலப் பிரதியைக் கையில் எடுத்து, "நேற்று நான் தெள்ளத் தெளிவாகச் சொன்னபடி" என்று ஆரம்பித்து வாசித்தார்.

"வரியைக் குறைத்து ஜனங்கள் கையில் காசை விட்டால் அதை அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். மன்றம் வாங்கிச் செலவழித்தால் அது கொத்தனாருக்குப் போகும், கொத்தனாரிடமிருந்து கடைக்காரருக்குப் போகும்..."

அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எழுத்தம்மாவின் கை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் அவள் தலைக்குள் போய் உட்கார்ந்தது.

இது நான் சொன்னதில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசைக்கு வந்துவிட்ட பிரதியில் உள்ளதுதான் உறுப்பினர் பேசியது என்பது மன்றத்து விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். அது மட்டுமில்லை. முப்பது வருஷ வாத்தியார் வேலையில் அவர் பாதியில் நிறுத்திய பாடம் ஒன்றுகூட இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "...கடைக்காரரிடமிருந்து மறுபடி நம்மிடமே வரும்!" என்று முடித்து மேசையைத் தட்டினார். அவர் பின்னால் இருந்த பதினைந்து பேரும் தட்டினார்கள்.

கொட்டுக்காரர் துள்ளி எழுந்தார். சம்பந்தி என் பேச்சைத் திருடிவிட்டார் என்று கத்தப்போகிறார் என எழுத்தம்மா நினைத்தாள். அவரோ தன் பிரதியைப் புரட்டி, ஒரு பக்கம் முழுக்க மனதுக்குள் படித்து, முகம் மலர்ந்து, "இதற்கு நேற்றே பதில் சொல்லிவிட்டேன்" என்றார். "வரியைப் பாதியாக்கினால் காசு கையில் புரளும். தொழில் பெருகும். பெருகிய தொழில் கட்டுகிற வரி பழைய வரியைத் தாண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு!"

அவர் பக்கத்துப் பதினைந்து பேரும் கை தட்டினார்கள். போன வாரம் வரை இதே வாதத்தைக் கேட்டு ஊளையிட்டவர்கள் அவர்கள்தான். மத்தியானத்துக்குள் வெட்டுக்காரர் பாலத்துக்கு விளக்குக் கம்பமும் வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஒரு பாதிப் பாலம் ஓர் ஊருக்குத் தாராளம் என்று கொட்டுக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார்.

எழுத்தம்மா இடைவேளையில் செயலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பு பண்ணிட்டேன். ரெண்டு பேர் பேச்சும் மாறிப் போச்சு. திருத்தம் போட்டுடலாம் சார்."

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். "போடலாம்மா. திருத்தம் அச்சடிக்கக் காசு வேணும். போன வருஷத்துக் காசு தீர்ந்து போச்சு. இந்த வருஷத்துக் காசு இந்த பட்ஜெட்ல இருக்கு. பட்ஜெட் நிறைவேறட்டும், மறுநாளே திருத்திடலாம்."

"அதுக்கப்புறம் திருத்தி என்ன சார் பிரயோஜனம்?"

"அது கொள்கை விஷயம்மா. நான் பேசக் கூடாது."

திரும்பி வந்தால் அவள் மேசைக்கு முன்னால் வெட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இன்றோடு வேலை போச்சு என்று அவள் கைக்குட்டையைக் கசக்கினாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எழுத்தம்மா, எங்கயும் போய்ச் சொல்லி வெச்சுடலையே?"

"செயலாளர்கிட்ட மட்டும் சொன்னேங்க ஐயா. மன்னிச்சுடுங்க."

"சொன்னா சொன்னதோட விடுங்க. என் வாதத்தை இன்னிக்கு அந்த மனுஷன் வாயில கேட்டேன். சகிக்கல. இவ்வளவு நாளா நானா இப்படிப் பேசிட்டிருந்தேன்னு இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அவரோடது இருக்கே, பேச நல்லா இருக்கும்மா. வாய் நெறைய வருது."

அவர் நகர்ந்த ஐந்தாவது நிமிஷம் கொட்டுக்காரர் வந்து அவரும் குனிந்தார். அவருக்கும் அதேதான். "வேணாம், வேணாம், வேணாம்னு சொல்றதுல ஒரு சுகம் இருக்கும்மா. வாழ்க்கையில இப்பத்தான் தெரியுது. நீங்க எதையும் மாத்தாதீங்க."

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். பாதிப் பாலத்தால் தினமும் கால்வாயைச் சுற்றி நாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு எல்லார் முன்னாலயும் எழுந்து உண்மையச் சொல்லிடு. வேலை போனா போகட்டும். என்னால இந்த மூஞ்சியப் பாக்க முடியல" என்றார்.

வியாழக்கிழமைதான் கெடு நாள். பகல் பன்னிரண்டரைக்கு ஓட்டெடுப்பு. தீர்மானத்தைக் கொண்டுவந்த வெட்டுக்காரர் தன் தீர்மானத்தையே எதிர்த்துக் கை தூக்கினார். அவர் பின்னால் பதினைந்து கை. எதிர்த்து வந்த கொட்டுக்காரர் அதை ஆதரித்துக் கை தூக்கினார். அவர் பின்னாலும் பதினைந்து. சமம் என்றால் தலைவர் ஓட்டுதான் முடிவு, ஆனால் யார் மனசும் நோகக் கூடாதென்று ஒன்பது வருஷமாக அவர் அதைப் போடாமலே ஒரு மணியைத் தாண்டவிட்டிருந்தார். தலைவர் வயதானவர், நல்ல மனுஷர், இரண்டு நாளாகத் தலை சுற்றிப் போயிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார். "எனக்கே குழம்பிப் போச்சு. யார் எந்தப் பக்கம்? எழுதினவங்களே சொல்லட்டும். எழுத்தம்மா, எழுந்திருங்க."

அந்த மண்டபத்தில் அவள் குரல் கேட்டதே இல்லை. எழுந்தாள். சளி, நாற்காலிக் கால், விளக்குப் பலகை, செயலாளரின் பதில், ஐயாக்கள் இருவரும் தனித்தனியாக வந்து கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "இதுக்கு என்ன தண்டனைன்னாலும் சரிங்க" என்றாள்.

சம்பந்திகள் இருவரும் கூரையில் எதையோ தேடினார்கள். அப்புறம் செயலாளர் மெதுவாக எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இப்ப இவங்க பேசினாங்களே, அதை யார் எழுதினாங்க?"

எல்லோரும் எழுத்தம்மாவின் மேசையைப் பார்த்தார்கள். நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. தலைவர் பேச்சுக்குக் கீழே பக்கம் வெள்ளையாக இருந்தது.

"யாரும் எழுதல" என்றார் தலைவர்.

"எழுதலைன்னா விதிப்படி அதைப் பேசினதா எடுத்துக்க முடியாது."

வெட்டுக்காரர் முதலில் ஆமோதித்தார். கொட்டுக்காரர் அடுத்து ஆமோதித்தார். அவர்கள் வாழ்க்கையில் ஒரே விஷயத்துக்கு இருவரும் தலையாட்டியது அன்றுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். தலைவர் பெருமூச்சு விட்டு, "சரி, உக்காருங்கம்மா. நான் கடைசியா என்ன சொன்னேன், அதைப் படிங்க. அங்கேருந்து தொடரலாம்" என்றார்.

எழுத்தம்மா உட்கார்ந்தாள். நோட்டில் கடைசி வரி, தலைவர் சொன்ன 'எழுத்தம்மா, எழுந்திருங்க'. அதைத்தான் படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்று உறைத்தது. தான் என்ன படித்தாலும் அதுதான் நடந்தது. தலைவர் வரியைக் குறைத்தார் என்று படித்தால் குறைந்தது. பாலம் கட்டு என்றார் எனப் படித்தால் நாளைக்கே ஜல்லி வந்து இறங்கும். வரி குறைந்தால் தன் வீட்டுக்கு மிச்சம். பாலம் வந்தால் கணவருக்கு நாலு கிலோமீட்டர் மிச்சம். இரண்டு வாதத்தையும் ராத்திரி பூராவும் உட்கார்ந்து படித்திருந்தாள். இதைப் படிக்கும்போது இது சரி. அதைப் படிக்கும்போது அது சரி. முப்பத்திரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. காலையில் ஒன்றும் சாப்பிடாத வயிறு சத்தம் போட்டது.

"தலைவர் உணவு இடைவேளை அறிவித்தார்" என்று படித்தாள்.

"அப்படியா?" என்றார் தலைவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்லதாப் போச்சு, வாங்க."

முப்பத்திரண்டு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. இரண்டு மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கெடு தாண்டியிருந்தது. போன வருஷத்து பட்ஜெட் பத்தாவது வருஷமாகத் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுத்தம்மா வீட்டுக்கு ஒரு போன் வந்தது. வெட்டுக்காரரின் மகள், அதாவது கொட்டுக்காரரின் மருமகள்.

"அக்கா, மன்றத்துல என்னக்கா நடந்துச்சு? எங்க மாமனார் நேத்துலேருந்து வீடு பூரா ஃபேன் லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டுத் திரியறாரு. பல்பு எரிஞ்சா பரம்பரையே அழிஞ்சிரும்ங்கறாரு. எங்க மாமியார் டார்ச் வெச்சுச் சமைக்கிறாங்க."

"அதும்மா... என் மேலதான் தப்பு. திருத்திடறேன்."

"ஐயோ, இருங்க, அவசரப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். குரலைத் தாழ்த்தினாள். பின்னால் யாரோ, 'பாத்துத் தூக்குங்கப்பா, படியில இடிக்கும்' என்று அதட்டுவது கேட்டது. "எங்கப்பா வந்திருக்காரு. பிரிட்ஜ் கொண்டுவந்து எறக்கறாரு. டபுள் டோர். கல்யாணத்துக்குக்கூட ஒரு குக்கர் குடுத்துட்டு ரசீதைக் காட்டின மனுஷன்க்கா அவரு. இப்ப, 'காசு சுத்தணும்டீ, சுத்தணும்'ங்கறாரு. அடுத்த வாரம் வாஷிங் மெஷினாம்."

"அப்ப உங்க மாமியார்?"

அந்தப் பெண்ணிடம் அதற்கும் வழி இருந்தது.

"அவங்களுக்கு நான் நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன். நீங்க ஒரு மாசம் கழிச்சுத் திருத்துங்கக்கா, ப்ளீஸ்."