கதவின் அடியில் காற்று

பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை உருவி, மெல்லிய நாடாவாகக் கிழித்து, குனிந்து கதவின் அடி இடைவெளியில் பிடித்தாள். உடம்பு சரியில்லாத தம்பியைப் பார்க்க வந்தவள் செய்கிற காரியமில்லை அது. கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது. இதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் பொறியாளர் அவள். காற்றும் தண்ணீரும் ஆக்சிஜனும் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளியைப் பார்க்கும் முன்பே கூரையை அண்ணாந்து பார்ப்பாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தாள் வெளிப்பக்கமாகப் படபடத்திருக்க வேண்டும். அது உள்ளே இழுபட்டது.

இன்னொரு நாடா கிழித்துப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் உள்ளேதான் போனது.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி படுத்திருந்தான். எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள். நோயை எதிர்க்கும் அணு என்று சொல்லிக்கொள்ள அவன் ரத்தத்தில் இப்போது எதுவும் இல்லை. புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த அறைதான் அவனுக்குக் காவல். வடிகட்டிய காற்று கூரையிலிருந்து இறங்கி, கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடைபாதையில் போகிறவர்களின் செருப்புத் தூசியோ, அதிலிருக்கும் பூஞ்சைத் துகளோ உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. மற்றவர்களுக்கு ஒரு தும்மலோடு போய்விடுவது அவன் நுரையீரலில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி தலைமாட்டிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தான். இந்தப் பக்கம் சுவரில் இருந்ததை அவளும் எடுத்தாள்.

"என்னக்கா, இங்கயும் வேலையா? உன் ஆஸ்பத்திரியில லீவு குடுத்தும் திருந்தலயே நீ."

செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று சொன்னாள்.

நர்ஸிடம் கேட்டபோது அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். அறையில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற, கதவருகே இருக்கும் மணி ஓயாமல் கத்தியதாம். நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பொறியியல் பிரிவுக்குச் சொல்லியாயிற்று, பார்க்கிறோம் என்றார்களாம்.

அந்தப் பிரிவின் தலைவரை அவளுக்குத் தெரியும். ஊரிலுள்ள மருத்துவமனைப் பொறியாளர்கள் அவ்வப்போது ஓர் அரங்கில் கூடுவார்கள். ஓர் இடத்தில் நடந்த தவறு இன்னோர் இடத்தில் நடக்காமலிருக்க, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எந்தப் பேச்சு முடிந்தாலும் இவர் எழுந்து "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். அதனால் பெயரே சந்தேகம் சார் என்று ஆகிப்போனது. கடைசியாக நடந்த கூட்டத்தில் அவள்தான் பேசினாள், இதே மாதிரி அறைகளைப் பற்றி. வடிகட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே வரும் காற்று குறையும், அப்போது சிலர் குளியலறையிலிருந்து காற்றை வெளியேற்றும் குழாயை மூடிவிடுகிறார்கள் என்றாள். அறையின் அழுத்தம் ஏறி, கதவருகே இருக்கும் அழுத்தமானியின் முள் பச்சைக்கு வந்துவிடும். அறைக்குள் புதுக் காற்று மட்டும் அதே பற்றாக்குறையில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் கிருமி வெளியேறாமல் அங்கேயே சுற்றும். "முள்ளுக்கு வைத்தியம் பாக்காதீங்க" என்று அவள் சொன்னபோது அரங்கம் சிரித்தது. சந்தேகம் சார் வழக்கம்போல எழுந்து, வடிகட்டியை மாற்றவே முடியாத நிலைமை என்றால் என்ன செய்வது என்று கேட்டார். நோயாளியை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே இறங்கி வந்தாள்.

அவள் கூப்பிட்டவுடன் சந்தேகம் சார் வந்துவிட்டார். கண்ணாடிக்குள் படுத்திருப்பது அவள் தம்பி என்று தெரிந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. இயந்திரங்கள் இருக்கும் மாடிக்கு அழைத்துப் போனார்.

மறைக்கவில்லை அவர். அவள் பேச்சைக் கேட்ட கையோடு வந்து, அவள் சொன்னபடியே தாள் பிடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். வடிகட்டிக்கு உடனே எழுதினார். வந்தது அளவு தப்பாக வந்தது. திருப்பி அனுப்பியதற்கு மாற்று இன்னும் வரவில்லை. வந்தாலும் அதை மாட்ட இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தம்பியுடையது உட்பட நாலு அறைக்கும் காற்று நிற்கும். நாலு பேரையும் வைத்துக்கொள்ள இதுபோல் வேறு அறை இந்தக் கட்டடத்தில் இல்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்துவிட்டார். அவளுடையதிலும்தான். எங்கேயும் இடமில்லை. இந்த நிலையில் இவர்களைத் தூக்கிக்கொண்டு போவதே ஆபத்து என்று டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

நம்பாமல் அவளே போன் போட்டாள். தன் மேலதிகாரிக்கு, தன் ஸ்டோருக்கு, வடிகட்டி விற்கிறவருக்கு, கூட்டத்தில் பழக்கமான அத்தனை பேருக்கும். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். இரண்டு பேர் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார்கள். அவள் பேச்சிலிருந்தே எடுத்து அவளுக்கே சொன்னார்கள்.

போனைக் கீழே இறக்கியபோது அவர் கேட்டார்.

"என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?"

அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

குளியலறைக் குழாய்களின் தடுப்புத் தகடுகளைத் திருப்பும் கைப்பிடிகள் சுவரோரம் இருந்தன. தம்பியின் அறைக்கு எது என்று கேட்டாள். காட்டினார்.

"மூடுங்க."

"மேடம், நீங்கதானே கூடாதுன்னு..."

"தெரியும் சார். வெளித் தூசியாவது உள்ள போகாம இருக்கட்டும்."

அவர் கை எழவில்லை. அவளே போய்ப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். இரும்பு உள்ளங்கையில் அதிர்ந்தது. திருப்பி முடித்த பிறகுதான் மற்ற மூன்றும் கண்ணில் பட்டன. அவற்றின் கீழே படுத்திருப்பவர்களுக்கும் யாரோ ஓர் அக்காவோ அம்மாவோ கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். மாடிக்கு வந்து கைப்பிடியைத் தேட அவர்களுக்குத் தெரியாது. அவள் பார்ப்பதைப் பார்த்த சந்தேகம் சார் முன்னால் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

கீழே வந்தபோது முள் பச்சையில் நின்றது. நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க வந்த நேரம் சரியாயிடுச்சுக்கா" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். சந்தேகம் சார் தணிந்த குரலில், அடுத்த கூட்டத்தில் தன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"இத சொல்லட்டுமா மேடம்?"

அவள் முள்ளையே பார்த்தாள். வடிகட்டிக்காரருக்கு இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று அவர் படியிறங்கிப் போனார்.

தம்பி மறுபடி போனை எடுத்தான். அக்கா எங்கே காணாமல் போய்விட்டாய் என்றான். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீ போய் எதாவது சாப்பிடு. உன்னப் பாத்தா நீதான் பேஷண்ட் மாதிரி இருக்க."

போனை வைத்துவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சீக்கிரமே தூங்கிப்போனான். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். அவன் மூச்சை இழுக்க, போர்வை மெல்ல மேலே எழுந்தது. அது இறங்கும்வரை அவளும் மூச்சை விடவில்லை.