பட்டியலில் மூன்றாவது பெயர்

தோற்றுக்கொண்டே இருப்பதற்கு ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் ஒரு மரியாதையான பெயர் வைத்திருந்தார்கள்: மறுகட்டுமானம். மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயது தாண்டியவனையெல்லாம் விற்றார்கள். பதிலுக்கு இருபது வயதுப் பையன்களை வாங்கினார்கள். கடைசி இடத்தில் முடித்தால் புதிய ஆட்களைப் பங்கிடும் டிராஃப்டில் முன்னால் நின்று பொறுக்கலாம் என்பதால் கடைசி இடத்திலேயே முடித்தார்கள். டிக்கெட் வாங்கிய ஜனம்தான் வெயிலில் உட்கார்ந்து ஒன்பது இன்னிங்ஸும் பார்த்தது.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி மெரிவெதரை விற்றார்கள். பதினோரு வருடம் அந்த ஊருக்காக ஆடியவன். இந்த வருடமே கோப்பையைத் தூக்கியாக வேண்டும் என்று துடித்த ஒரு பெரிய அணி அவனை வாங்கிக்கொண்டு இரண்டு பையன்களை உடனே கொடுத்தது. மூன்றாவது ஆளின் பெயர் பிறகு சொல்லப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதற்கென ஒரு ரகசியப் பட்டியல், மூன்று பெயர்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு அதில் ஒருவனை ஹெரன்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகஸ்ட் பதினெட்டு, திங்கள் மதியம் பன்னிரண்டு மணி வரை கெடு. தாங்கள் அந்தப் பட்டியலில் இருப்பது அந்த மூன்று பேருக்கும் தெரியாது. தெரியப்படுத்தினால் பேரம் முறியும், தெரியப்படுத்தியவரின் வேலையும் போகும்.

மூவரும் ஆடிக்கொண்டிருந்தது அயோவாவில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், அந்தப் பெரிய அணியின் பயிற்சி அணியில். பார்த்து வர ரெனாட்டா சிமெக்கை அனுப்பினார்கள். வயது இருபத்தேழு. நெப்ராஸ்காவில் பன்றி வெட்டும் ஆலையில் அவள் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு ஷிஃப்ட். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆள் தேடும் வேலையில் அவளுக்கு இது நான்காம் வருடம்; வாடகைக் காரும் மோட்டல் காபியும் பழகிப் போயிருந்தன. உதவிப் பொது மேலாளர் பிரெஸ்டன் ஆல்கட் அவளை 'நம்ம களப்பணி' என்றுதான் கூப்பிடுவான். பெயர் ஒன்று இருக்கிறது என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

பட்டியலைப் பார்த்ததும் அவள் கண் மூன்றாவது பெயரில் நின்றது. லைல் ஸ்டாம்பர், இடது கையால் பந்து வீசும் பிட்சர், கென்டக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் டிராஃப்ட் அறையில் அவள் எழுந்து நின்று சொன்ன பெயர். இவன் மணிக்கு எண்பத்தெட்டு மைல்தான் வீசுவான், ஆனால் அதே கை வீச்சில் எழுபத்தாறு மைலில் ஒரு பந்து வரும், அடிப்பவன் காற்றைத்தான் அடிப்பான் என்று சொன்னாள். அறை சிரித்தது. அவனுடைய அப்பா கூரை போடுகிறவராமே, பையனும் அதற்குத்தான் லாயக்கு என்றான் பிரெஸ்டன். பதினேழாவது சுற்றில் வேறு அணி அவனை எடுத்துக்கொண்டது. அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தாள். மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் பழுதாகி அந்த வாரம் முழுக்க மதிய ஆட்டம். அடிப்பவனுக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம், ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் உட்காரும் நாலு வரிசை. லைல் பெயரைத் தேடினால் அன்று ஆடுபவர்களில் இல்லை. தோள் சோர்வு, ஓய்வில் இருக்கிறான் என்றார்கள். திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரு கையில் வேகமானித் துப்பாக்கியும் மடியில் அட்டையும் வைத்துக்கொண்டு அவனே உட்கார்ந்திருந்தான்.

அது அங்கே வழக்கம்தான். அன்றைக்கு வீசாத பிட்சர் கூட்டத்தோடு உட்கார்ந்து, விழுகிற ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் வகையையும் எழுத வேண்டும். அதனால் எடைபோட வந்தவர்களும் எடைபோடப்படுபவர்களும் ஒரே வரிசையில் தோளுரச உட்கார்ந்து சூரியகாந்தி விதை துப்பிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஐந்து நாளைக்கு ஒருமுறை வீச வேண்டிய ஒருவன் அந்த நாற்காலியிலேயே வேர்விட்டிருந்தான்.

முன் வரிசையில் இருந்த ஹாங்க் டூலி, வேறு அணியின் பழைய ஸ்கவுட், திரும்பாமலே சீண்டினான்.

"என்னம்மா சிமெக், மெரிவெதரை வித்தாச்சு. அடுத்து மைதானத்துப் புல்லையும் வித்துடுவீங்களா?"

"புல்லு நல்லா வளருது ஹாங்க். எங்ககிட்ட நல்லா வளர்ற எதையும் நாங்க விட்டு வைக்கிறதில்ல."

லைல் சிரித்தான். பிறகு, சிரித்தது தவறோ என்பது போல அட்டையில் குனிந்துகொண்டான். அவன் எழுதுவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பந்து வருவதற்கு முன்பே எழுதினான். மெதுப் பந்து என்று எழுதினால் மெதுப் பந்து வந்தது. உள்பக்கம் என்று எழுதினால் உள்பக்கம். பதினொன்றுக்கு ஒன்பது சரி. ஓரத்தில் ஒவ்வொரு அடிப்பவனைப் பற்றியும் குறிப்பு வேறு: 'இவன் முன்காலை அவசரமா வைக்கிறான்', 'இவனுக்குப் பயம், மேலே போடு'.

வெள்ளிக்கிழமை அவனாகவே பேச ஆரம்பித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் கல்லூரி மைதானத்துக்கு வந்தது அவள்தானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அப்புறம் யாரும் கேட்காததையெல்லாம் கொட்டினான். தோளில் வலியே இல்லை. வைத்தியம் பார்ப்பவர் அவன் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சியாளரிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். காலையில் ஒன்பது மணிக்கு, கேட்டைப் பூட்டிவிட்டு முப்பது பந்து வீசச் சொல்கிறார்கள், பிறகு உட்காரச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அப்பா டிரக்கை எடுத்துக்கொண்டு வருகிறார். விலகல் கடிதத்தை எழுதிப் பையில் வைத்தாகிவிட்டது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம் மேடம். நாய்க்குட்டி மாதிரி கட்டிப் போட்டு வச்சிருக்காங்க."

ரெனாட்டா வாயைத் திறந்தாள். பிறகு ஒரு பிடி விதையை அள்ளி அதில் போட்டுக்கொண்டாள். அவன் கையெழுத்திட்டு விலகிவிட்டால் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது.

விஷயம் அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஜூலையில் பட்டியல் போட்டவர்கள் இடத்தை நிரப்பத்தான் அவன் பெயரைக் கடைசியில் சேர்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் அயோவாவிலிருந்து யாரோ போன் போட்டு, அவனையா போட்டீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். போட்ட பெயரை எடுக்க முடியாது. ஆளை ஒளிக்கலாம். ஒளித்து வைக்க அவர்கள் கண்டுபிடித்த இடம் ஸ்கவுட்டின் பக்கத்து நாற்காலி. அந்தப் பையனுக்குள் என்ன செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு மைதானத்தின் பின்பக்கம் போனாள். தானியக் கிடங்கின் லாரி நிறுத்தத்தில் வாடகைக் காரின் பானெட் மேல் ஏறி நின்றால் வேலிக்கு மேலாக வீச்சுப் பயிற்சி இடம் தெரிந்தது. ஒன்பது மணிக்கு அவன் வந்தான். முதல் பந்திலேயே கையுறை வெடித்தது போலச் சத்தம். தொண்ணூற்றொன்று இருக்கும் என்று காதாலேயே கணக்குப் போட்டாள். நாலாவது பந்து அதே கை, அதே தோள், அதே முகம், ஆனால் பந்து வரவே மனமில்லாதது போல வந்தது. பிடிப்பவனே முன்னால் சாய்ந்து தடுமாறினான். முப்பது பந்தையும் எண்ணினாள். பானெட் சூட்டில் கால் பொரிந்தது, இறங்கவில்லை.

அங்கிருந்தே பிரெஸ்டனை அழைத்தாள். அவனுக்குப் பட்டியலின் முதல் பெயர் மேல்தான் ஆசை: ட்ரெவர் லார்ச், தொண்ணூற்றெட்டு மைல். பந்து எங்கே போகும் என்று லார்ச்சுக்கே தெரியாது, வியாழக்கிழமை மைதானத்தில் பொம்மை வேஷம் போட்டு ஆடுகிறவனையே அடித்துவிட்டான் என்றாள். அதையெல்லாம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றான் பிரெஸ்டன்.

"ஸ்டாம்பர் பத்தொன்பது நாளா ஒரு பந்து போடல. காயம்பட்ட ஆளை வாங்கச் சொல்றியா?"

"அவன் ஏன் போடலன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. கடைசியா வீசினது ஜூலை இருபத்தேழு. மெரிவெதரை வித்தது இருபத்தெட்டு. கடைக்காரன் ஒரு சாமானை மட்டும் துணி போட்டு மூடி வச்சா நீங்க எதைக் கேப்பீங்க?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"போன தடவை எல்லாரும் சிரிச்சீங்க. இப்பவும் சிரிங்க. ஆனா லார்ச்சைக் கேட்டீங்கன்னா திங்கக்கிழமை என் ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்கங்க."

யோசிக்கிறேன், திங்கள் காலை பார்க்கலாம் என்று அவன் வைத்துவிட்டான். அவள் மோட்டலுக்குப் போய் அறிக்கையை எழுதி அனுப்பினாள். பையன் நாளைக்கே விலகப் பார்க்கிறான், திங்கள்வரை தாங்காது என்பதையும் முதல் வரியிலேயே போட்டாள். அனுப்பிய பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. அப்பாவின் முழங்கால் அறுவைக்கு அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் லைல் வழக்கமான நாற்காலியில் இருந்தான். காலடியில் பை. மூன்றாவது வரிசைக் கோடியில் தார்க்கறை படிந்த பூட்ஸோடு ஒரு மனிதர், அவன் அப்பா பாய்ட், மைதானத்தைப் பார்க்காமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். மகனை அழைத்துப் போக நானூறு மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்தவர்.

ஐந்தாவது இன்னிங்ஸ் வரை ரெனாட்டா பொறுத்தாள். சொல்லக் கூடாதது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லக்கூடியது கொஞ்சமே மிச்சமிருந்தது. அவன் பக்கம் திரும்பாமல், மைதானத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"இந்த அணி ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பணும்னா எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம். போன வாரம் என் ரூம்மேட்டை அனுப்பினாங்க. சாப்பிட்டு முடிக்கக்கூட விடல."

"உன்னை ஏன் அனுப்பல?"

அவன் பேனா நின்றது. ஒரு பந்து, இரண்டு பந்து, எழுதப்படாமலே போயிற்று. பிறகு அட்டையின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினான். அவன் வந்து உட்கார்ந்து எழுதிய முதல் தாளில் தேதி இருந்தது. ஜூலை இருபத்தொன்பது, மெரிவெதர் விற்கப்பட்ட மறுநாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எந்த அணிக்காரி என்று அந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும். முன்னால் ஹாங்க் டூலி விதை துப்புவதை நிறுத்தியிருந்தான்.

"மேடம்..."

"ஆட்டத்தைப் பாரு. ரெண்டு பந்து விட்டுட்ட."

அவன் விட்ட இரண்டையும் அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டான். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து அப்பாவிடம் போனான். இவளுக்குக் கேட்டது அப்பா சொன்னது மட்டும்தான்: "ஒரு நாள் பொறுத்துப் பாக்கணுமா? சரி, இருந்துட்டுப் போவோம். டிரக்குலயே படுத்துக்கறேன்."

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் பயிற்சியாளர் ஒருவர், சீருடையோடு, படியேறி வந்தார். ஆட்ட நடுவில் அவர்கள் கூட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் நாலு வரிசையும் திரும்பிப் பார்த்தது. லைலின் தோளைத் தொட்டு, மேனேஜர் கூப்பிடுகிறார், பையை எடுத்துக்கொள் என்றார். அவர் முகத்தில் திருடியது பிடிபட்டவனின் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. ரெனாட்டாவின் போன் அதே நேரம் அதிர்ந்தது. பிரெஸ்டன். ஒரே வரி: 'கேட்டோம். கொடுத்துவிட்டார்கள்.' பாராட்டு இல்லை. அவள் பெயரும் போடவில்லை.

லைல் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை அவள் மடியில் வைத்தான். தோற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் அணிக்குப் போகப்போகிறோம் என்பது தெரிந்தும் அவன் முகம் ஈரமாகப் பளபளத்தது. கீழே அப்பா பாய்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றார்.

"சிமெக்," என்றான் ஹாங்க் டூலி, "ஒளிச்சு வச்சதையே தூக்கிட்டயே."

அவள் அட்டையைப் பார்த்தாள். அடுத்த பந்துக்கான கட்டத்தில் லைல் முன்கூட்டியே எழுதியிருந்தான்: மெதுப் பந்து. பந்து வந்தது. நேர் வேகம், தொண்ணூற்று நாலு. அடிப்பவன் அதை வலது மூலை வேலிக்கு அனுப்பினான்.

அவள் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்துவிட்டுச் சரியாக எழுதினாள். வேற்று அணியின் அட்டைதான். பாதியில் விட மனம் வரவில்லை.