கடை சாத்த இன்னும் நேரமிருக்கு

தெருவில் அவனுக்கு மெத்தைக்காரன் என்றுதான் பெயர். மெத்தைக் கடையில் விற்பனை முழுக்க அவன் பொறுப்பு. ஊரார் தூக்கத்துக்கெல்லாம் உத்தரவாதம் எழுதிக் கொடுப்பவனைச் சொந்தத் தூக்கம் மட்டும் நடுராத்திரியில் கைவிட்டுவிடும். ஒருமுறை விழிப்பு வந்தால் தீர்ந்தது, விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பான். கடையிலேயே உசத்தியான மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டும் பார்த்தாயிற்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பக்கத்தில் படுத்திருந்த மனைவியை. அவளுக்கும் ராத்திரியில் விழிப்பு வரும். எழுந்து தண்ணீர் குடிப்பாள், ஜன்னலைச் சாத்துவாள், வந்து படுப்பாள். இவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்வதற்குள் தூங்கிப்போயிருப்பாள். சும்மாவும் தூங்கமாட்டாள், உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. கட்டினவன் பேய் மாதிரி முழித்துக் கிடக்க இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? அவனுக்கு வயிறு எரியும். வேண்டுமென்றே இருமுவான், போர்வையை இழுப்பான். ஒருநாள் தட்டி எழுப்பி, "கேஸ் மூடினியா?" என்று கேட்டான். "மூடிட்டேன்" என்றவள், சொன்ன வாய் மூடுமுன் மறுபடி தூங்கிவிட்டாள்.

காலையில் அவள் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டான்.

"உனக்கு மட்டும் எப்படி உடனே தூக்கம் வருது?"

"ஒருத்தரோட பேச்சை நினைச்சுக்குவேன். அவர் பேசப் பேச ஒடம்பு லேசாயிடும். பாதியிலேயே தூங்கிடுவேன்."

"யாரு அந்த ஒருத்தர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். கண்டுபிடிங்க பாப்போம்." சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குக் கடையில் அவன் ஒரு மெத்தைகூட விற்கவில்லை. யாராக இருக்கும்? கீழ் வீட்டுக்காரரா? அவர் பேசினால் தூங்குகிற தெருநாய்கூட எழுந்து ஓடும். அவளுடைய அக்கா வீட்டுக்காரரா? அந்த மனுஷன் வாயைத் திறந்தால் அரசியல், அதைக் கேட்டு எவளாவது சிரித்துக்கொண்டே தூங்குவாளா? சுற்றிச் சுற்றிக் கடைசியில் பல் டாக்டரிடம் வந்து நின்றது சந்தேகம். அவள் உதவியாளாக வேலை பார்ப்பது அவரிடம்தான். நாள் முழுக்க அவர் பேச்சுதானே அவள் காதில்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மத்தியானமே ஒரு நல்ல பல்லை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டான். மனைவி உள்ளறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்தார். வயது குறைவு. தலையில் முடியெல்லாம் அப்படியே இருந்தது. அதுவே பாதி வயிற்றெரிச்சல்.

"வாங்க, நல்லா சாஞ்சுக்குங்க. அவசரமே இல்ல. தாடையைத் தளர விடுங்க."

குளிருக்குப் பதமான வெந்நீர் மாதிரி இருந்தது குரல். இதுதான், இந்தப் படுபாவிக் குரல்தான் என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. "எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்க நினைத்தான். வாய் நிறையப் பஞ்சு. நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. பஞ்சுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்துக்கு வைத்திருக்கிற மெத்தை நல்ல சரக்குதான் என்று நினைத்தான். அதற்குமேல் அவனுக்கு எதுவும் நினைவில்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பல்லுல ஒண்ணுமில்லையாம். வாயைத் திறந்தபடியே தூங்கிட்டீங்களாம். எழுப்ப வேணாம்னுட்டு டாக்டர் சாப்பிடப் போயிட்டார். எதுக்கு வந்தீங்க?"

"அந்த ஒருத்தர் இவர்தானே? எனக்கே தூக்கம் வந்துடுச்சு, உனக்கு வராதா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷமா என் பக்கத்துல படுத்து வராத தூக்கம், எங்க டாக்டர் ரெண்டு வார்த்தை பேசினதும் வந்துடுச்சோ?"

இப்போது யாருக்கு யார்மேல் பொறாமை என்றே தெரியவில்லை. பஞ்சை அவன் கன்னத்திலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு அவளே சொன்னாள்.

"அக்கா கல்யாணத்துக்கு மெத்தை பாக்க உங்க கடைக்கு வந்தோமே. படுத்துப் பாருங்கன்னு சொன்னதுக்கு நான் கூச்சப்பட்டுக்கிட்டு நின்னேன். அப்ப ஒருத்தர் சொன்னார். 'கால் கனத்தை மெத்தைகிட்ட குடுத்துடுங்க. தோளையும் குடுத்துடுங்க. இனிமே தூக்குறது அதோட வேலை. கடை சாத்த இன்னும் நேரமிருக்கு.' அக்கா எழுப்புற வரைக்கும் தூங்கினேன். அவர் பேச்சைத்தான் நினைச்சுக்குவேன்."

"அது நான்தானே?"

"நீங்களா? நீங்க ஸ்பிரிங்குங்கறீங்க, ஃபோமுங்கறீங்க. வீட்டுக்கு வந்தா கேஸ் மூடினியாங்கறீங்க. அவர் வேற."

மெத்தைக்காரனுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அன்றைக்கு அரும்பு மீசையும் இரவல் டையுமாக மெத்தை ஓரத்தில் நின்ற அந்தப் பயல்மேல் புகைச்சல் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் என்றால் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடலாம். இந்தப் பயலை எங்கே போய்ப் பிடிப்பது? இத்தனை வருஷமாகத் தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே, தன் மனைவியைச் சிரிக்கவைத்துத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான் ராஸ்கல்!

அன்று ராத்திரியும் விழிப்பு வந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தாள். விடக்கூடாது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"தோளை மெத்தைகிட்ட குடுத்துடுங்க, காலையும் குடுத்துடுங்க..."

"மொதல்ல கால். அவர் இவ்வளவு அவசரப்படமாட்டார்."

அவர்! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். "இது தள்ளுபடி விக்கிற குரல்" என்றாள். மூன்றாம் முறை கோபம் அலுத்துப்போய், குரல் தானாகத் தணிந்தது. கால் கனத்தைக் கொடுக்கச் சொன்னான். தோளைக் கொடுக்கச் சொன்னான். இனிமேல் தூக்குவது மெத்தையின் வேலை என்றான். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் உதட்டோரம் அந்தச் சிரிப்பு வந்தது.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து, "இப்ப சிரிச்சது யாருக்கு? அவருக்கா, எனக்கா?" என்றான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, விறைத்து நின்ற அவன் தோளைத் தடவிக் கண்டுபிடித்து மெத்தைமேல் அழுத்தினாள்.

"இதையும் குடுத்துடுங்க. கடை சாத்த இன்னும் நேரமிருக்கு."

தோள் இறங்கிவிட்டது. கண் செருகும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பயல் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இதை ஒருத்தரும் சொன்னதில்லை.