சலூன்காரர் வீட்டு முதல் சண்டை

அந்த வீட்டில் எட்டு வருடமாக யாரும் பாப்பாவோடு சண்டை போட்டதில்லை. அதை ஏதோ பதக்கம் வாங்கியது போலச் சொன்னார் அவளுடைய அப்பா, சலூன்காரர்.

"எங்க பாப்பா தங்கம்க்கா. எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அவளுக்குக் காது கேக்காது. உங்க ரெண்டு பேருக்கும் கை பாஷை தெரியாது. யாரை எதுத்துப் பேசுவா, சுவத்தையா?" என்றாள் வாயாடி.

வாயாடி என்பது பெயரில்லை, பட்டம். முப்பத்தோரு வருடமாகக் காது கேளாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நடையாய் நடந்து சம்பாதித்தது. அவள் வேலை பார்க்கும் காது கேளாதோர் மையத்தில் அவளுக்குக் 'குடும்ப ஆலோசகர்' என்று அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நாலைந்தை மடித்து, ஆடுகிற மேசைக்கால் அடியில் சொருகியிருந்தாள். பிள்ளைக்குக் காது கேட்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்ட பெற்றோர் அழுதால், கூடவே உட்கார்ந்து பத்து நிமிடம் அழுவாள். பதினோராவது நிமிடம், "போதும், மூக்கைச் சிந்திட்டு எழுந்திருங்க, பிள்ளை பாத்துக்கிட்டிருக்கு" என்று அதட்டுவாள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று எந்தப் பெரிய மனிதராவது அவள் காதுபட ஆரம்பித்தால் தொலைந்தார். "வாயிருந்து நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க?" என்று கேட்டுவிடுவாள்.

பாப்பாவுக்கு விடுதிப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ரயிலில் ஆறு மணி நேரம். ஆனால் நல்ல பள்ளி. நூறு பிள்ளைகள் காலையிலிருந்து கையாலேயே பேசி, கையாலேயே வம்பளந்து, கையாலேயே கோள் மூட்டுகிற இடம். மையத்து வகுப்பில் பாப்பா இரண்டு வருடமாகச் சைகையில் பொரிந்து தள்ளுகிறாள். வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொள்வாள். பேச ஆளில்லையே, வேறென்ன செய்வாள்?

திங்கட்கிழமை பயணம். எல்லாம் தயாரா என்று பார்க்கத்தான் வாயாடி சனிக்கிழமை காலை வந்திருந்தாள். பாப்பாவின் பெட்டியைத் திறந்தால், உடுப்புகளுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வாளி, மணல் அள்ளுகிற குட்டிக் கரண்டி.

"இது எதுக்கு?"

பாப்பாவின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கசப்பு மருந்தை இனிப்பென்று சொல்லி விற்றுப் பழகியவளோ என்னவோ, அசடு வழியச் சிரித்தாள். "கடற்கரைப் படம் காட்டினோம்க்கா. ஒரே குஷி. அழாம வண்டி ஏறிடுவா."

"ஏறி?"

"விட்டுட்டு அப்படியே நைசா வந்துடலாம்னு. போகப் போகப் பழகிடும்."

வாயாடிக்குச் சுர்ரென்று ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவள் தன் வீட்டிலேயே பார்த்தவள். அவளுடைய தம்பிக்கும் காது கேட்காது. ஆறு வயதில் சர்க்கஸுக்கு என்று கூட்டிப்போய் விடுதியில் விட்டுவிட்டு வந்தாள் அம்மா. விடுமுறைக்கு வந்தவன், அம்மா எதிரில் வந்து நின்றாலே கண்ணை இறுக மூடிக்கொள்வான். அவன் கண்ணை மூடிக்கொண்ட பிறகு கையால் எதைச் சொல்ல? அம்மா இரண்டு நிமிடம் நிற்பாள், மூன்று நிமிடம் நிற்பாள், போய்விடுவாள். இருபது வருடம் இப்படியே போய், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஒரு நாளும் அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. வாயாடி இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். இதை அவள் யாரிடமும் மூடிமறைப்பதில்லை. இவர்களிடமும் சொன்னாள்.

சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நீங்களே சொல்லிடுங்கக்கா. உங்களுக்குத்தான் கை நல்லா பேசுதே."

"பெத்தது நீங்க, புளுகினது நீங்க, சொல்றது மட்டும் நானா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உங்க கையால சொல்லணும். இல்லன்னா அந்த இடம் வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்துடுவேன்."

அப்படி எழுத அவளுக்கு மனசு வராது. வேறொரு நல்ல பள்ளிக்கு எங்கே போவது? ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியதில் அவர் நம்பிவிட்டார்.

அன்று பகல் முழுக்கச் சலூனில் பாடம். நாள் பூராவும் ஊர்ப்பட்டவர்களோடு அரட்டை அடிக்கிற மனுஷனுக்கு, சொந்த மகளிடம் சொல்ல ஆறு சைகை வரவில்லை. பள்ளிக்கூடம். தூரம். நீ இருப்பாய். நாங்கள் வருவோம். மாதம் ஒருமுறை. ஐந்தையும் எப்படியோ தேற்றினார். 'நான் பொய் சொன்னேன்' என்பதற்கு மட்டும் கை எழும்பவே இல்லை.

"அதை விட்டுடலாமேக்கா. அப்பாங்கிற மரியாதை என்னாகிறது?"

"அதுதான் முதல்ல வரணும்."

பாதி முகத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்து, ஆறையும் அச்சுப் பிசகாமல் செய்து காட்டினார். "இவ்ளோதானேய்யா? சீக்கிரம் கத்துக்க, நுரை காயுது."

ஞாயிறு மத்தியானம் பாப்பாவை எதிரே உட்கார வைத்தார்கள். சலூன்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் 'பொய் சொன்னேன்' என்றார். மற்ற ஐந்தும் தட்டுத் தடுமாறி வந்தன. பாப்பா பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் இரண்டு கையும் பறக்க ஆரம்பித்தன.

"என்னக்கா சொல்றா?"

"கழுதைங்கறா. திருடன்ங்கறா. உங்க மூஞ்சி நல்லாவே இல்லையாம். மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன், மையத்துல யாரு கத்துக் கொடுத்தாங்கன்னு விசாரிக்கணும்."

பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வாயாடிக்குத் தம்பியை எதிரில் பார்ப்பது போலிருந்தது. அதே மூடல், அதே நெற்றிச் சுருக்கம். சலூன்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "இப்ப என்ன செய்ய?"

"நில்லுங்க."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது. எங்கம்மா மூணு நிமிஷத்துக்கு மேல நின்னதில்ல."

அவர் நின்றார். நாளெல்லாம் நின்றே பிழைப்பவர், நிற்பது அவருக்குப் பெரிதில்லை. சும்மா நிற்பதுதான் பெரிது. கைகளை மார்புக்கு நேரே உயர்த்தியபடி, பேசத் தயாராக நின்றார். ஐந்து நிமிடம். பத்து. இருபதைத் தாண்டியபோது அவருக்குத் தோள் துடித்தது. அம்மாக்காரி பெட்டி மேல் உட்கார்ந்து விசும்பினாள். பாப்பா ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்தாள். எதிரே அப்பா, தூக்கிய கை தூக்கியபடி. பட்டென்று மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் திறந்து, 'மறுபடி சொல்' என்றாள்.

அவர் மறுபடி பொய்யிலிருந்து ஆரம்பித்தார். பாப்பா எழுந்து வந்து அவருடைய விரலைச் சரியாக மடக்கிவிட்டாள், அதுவும் வலிக்கிற மாதிரி. அவர் இன்னொரு முறை சொன்னார். அவள் ஏதோ கேட்டாள். அவர் தெரியாது என்று தலையாட்ட, அவள் காலால் தரையை உதைத்தாள். அவர் பதிலுக்கு முறைத்தார்.

அடடா, இது சண்டையேதான்! சந்தோஷம் தாங்கவில்லை வாயாடிக்கு. பாப்பா என்ன கேட்கிறாள் என்று எடுத்துச் சொல்ல நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள்.

பாப்பா அவள் பக்கம் திரும்பி, கையை விசிறி வாசலைக் காட்டினாள்.

வாயாடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோரு வருடத்தில் எந்தப் பிள்ளையும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை.

"அக்கா," என்றார் சலூன்காரர், மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களைத்தான் சொல்றா. வெளிய போகணுமாம்."